தோல் புளூட்டோ

ஜூலை 20, ஞாயிறு

காலையிலிருந்து ஆடிக் காற்று. மாடியில் காயப்போட்ட துணியில் பாதி அடுத்த வீட்டு மாடியில். வாய் முழுக்க மண்.

இன்றைய வேலை: புளூட்டோ தைப்பது.

தைத்தது அம்மா. நான் துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். வாரம் முழுக்க ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் தையல். கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்டேன்.

கடைத்தெருவில் எடைபோட்டு விற்கும் கழிவுத் தோலில் இரண்டு நிறம் வாங்கினேன். புளூட்டோவுக்குப் பழுப்பு. அதன் பெரிய நிலவான சாரனுக்குச் சாம்பல். அம்மா காகிதத்தில் ஆரஞ்சுச் சுளை மாதிரி வரைந்து வெட்டினாள். ஆறு சுளை சேர்ந்து ஒரு உருண்டை. உரித்த தேங்காய் அளவில் புளூட்டோ. சின்னச் சாத்துக்குடி அளவில் சாரன். அகலத்தில் சரிபாதி, உண்மையிலும் ஏறக்குறைய அப்படியே. இரண்டிலும் ஒரே மண்ணை அடைத்தால் எடை தானாக எட்டுக்கு ஒன்று வந்துவிடும். அதுவும் உண்மைக்குப் பக்கம்.

மண் பாலாற்று மண். இரண்டு நாள் வெயிலில் போட்டும் அந்த நெடி போகவில்லை.

பிறகு நீளமான மூங்கில் குச்சி. ஒரு முனையில் இது, மறு முனையில் அது. எங்கே கயிறு கட்டினால் சாயாமல் நிற்கும் என்று தேடினோம். புளூட்டோவுக்கு வெளியே, வெறும் குச்சியில் ஓர் இடம். குச்சியின் கனத்துக்காக ஒரு விரல் தள்ளி. அந்த வெற்றுப் புள்ளியைத்தான் இரண்டும் சுற்றுகின்றன. ஒன்றுக்கொன்று ஒரே முகத்தைக் காட்டியபடி. புளூட்டோவில் நின்றால் சாரன் உதிக்காது, மறையாது, வானத்தில் ஒரே இடத்தில் தொங்கும். மறுபாதியில் நின்றால் ஆயுசுக்கும் தெரியாது.

புளூட்டோவின் மேல் இதய வடிவில் வெளுத்த ஒரு சமவெளி உண்டு. அம்மா அதற்கு வெள்ளைத் தோலில் ஒட்டு வைத்து, சாரனைப் பார்த்த பக்கம் தைத்துவிட்டாள்.

"அந்தப் பக்கம் இல்லம்மா. முதுகுப் பக்கம்."

"எதிர்எதிரா பாத்துக்கினு இருக்குதுன்னு நீதான சொன்ன? மனசு மூஞ்சிப் பக்கம்தான இருக்கும்?"

"இல்ல. அது நிலாவுக்கு நேர் பின்னால."

"இன்னா உலகம்டி இது" என்று தையலைப் பிரித்தாள். ஒருமுறை ஊசி போன ஓட்டை தோலில் மூடாது. முன்பக்கம் இதயத்தின் ஓரம் புள்ளி புள்ளியாக நிற்கிறது. எரிகல் விழுந்த பள்ளம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இரவு மீன் குழம்பு. கை கழுவியும் தோல் வாசனை. எங்களுக்கு அது வாசனையே இல்லை.

ஜூலை 21, திங்கள்

வெயில். பஸ்ஸில் நின்றுகொண்டே வேலூர்.

பாஸ்கர் சாரிடம் (இனி பா.சா.) புளூட்டோவைக் காட்டினேன். அவருடையது காற்றடைத்த கோளரங்கம். துணிக் கூடாரம், ஊதிக்கொண்டே இருக்கும் ப்ளோயர், ஒரு புரொஜெக்டர், ஒரு வேன். பள்ளி பள்ளியாகப் போவோம். பிள்ளைகளைத் துணிக்குழாய் வழியாகத் தவழவிட்டு உள்ளே உட்காரவைப்பதும், வெளியே ப்ளோயரைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. இதற்கு எம்.எஸ்சி. இயற்பியல்.

அவருடைய படத்தில் இன்னும் புளூட்டோ ஒன்பதாவது கோள். கணீரென்று ஓர் ஆண் குரல் சொல்கிறது. குறுங்கோள் என்று மாற்றி எத்தனை வருடம். சொன்னால்:

"பழைய படம்மா. எவன் வந்து கேக்கப் போறான்?"

"பசங்க கேப்பாங்க சார்."

"பசங்க சத்தம் போடாம படுத்துக்கினு இருந்தா போதும்."

விடவில்லை. படத்துக்குப் பிறகு பத்து நிமிடம் எனக்கு வேண்டும் என்றேன். குறுங்கோள்கள் எப்படிச் சுழல்கின்றன, அவற்றின் நிலவுகள் எப்படி. தொங்கவிட்டு, டார்ச்சைச் சூரியனாக வைத்துக் காட்டுகிறேன்.

நிறைய யோசித்தார். காது குடைந்தார்.

"புதன்கிழமை அரக்கோணம் பக்கம் ஒரு பெரிய ஸ்கூல். அங்க போட்டுப் பாரு. செட் ஆச்சுன்னா ஷோல சேத்துக்கலாம், உன் ஐட்டமா. ஆகலன்னா இந்தப் பேச்ச இத்தோட வுட்டுடு. நீயும் பேஜாரு, நானும் பேஜாரு."

ஆகாவிட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். அம்மா கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை ஒன்று காலியாக இருக்கிறது. சூப்பர்வைசர் இரண்டு முறை சொல்லி அனுப்பிவிட்டார். படிப்பு முடித்த புதிதில் ஆறு மாதம் பார்த்த வேலைதான். ஷூவைத் திருப்பித் திருப்பிப் பசைக் கறை இருக்கிறதா என்று தேடுவது. அதுவும் ஒரு சுழற்சி.

வாங்க வேண்டியவை: டார்ச் பேட்டரி. நைலான் கயிறு. அம்மாவுக்கு முட்டிவலித் தைலம். தொங்கவிட ஸ்டாண்ட் (ஆஸ்பத்திரித் தெருவில் குளுக்கோஸ் ஏற்றும் ஸ்டாண்ட் பழையது கிடைக்கும்).

ஜூலை 22, செவ்வாய்

ஸ்டாண்ட் கிடைத்தது. ஒரு சக்கரம் சுற்றாது.

வீட்டில் ஒத்திகை. அம்மாதான் வகுப்பு. ஹௌமியா பற்றிச் சொன்னேன். நான்கு மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடும் குறுங்கோள். அந்த வேகத்தில் உருண்டை உருண்டையாக இருக்க முடியாமல் முட்டை மாதிரி நீண்டுவிட்டது.

அம்மா பாதம் இரண்டையும் வெந்நீரில் வைத்திருந்தாள்.

"எங்க லைன் மாதிரின்னு சொல்லு. டார்கெட்ட ஏத்த ஏத்த ஆளு கோணிக்கிறாங்க."

இதைச் சேர்க்கலாமா? சேர்த்தால் பா.சா. மயக்கம் போடுவார். சேர்க்கலாம்.

ஜூலை 23, புதன்

மோசம். மோசம்.

வரிசையாக எழுதுகிறேன். 

வெளியே காற்று ஜாஸ்தி, மைதானத்தில் கூடாரம் நிற்காது. பிரேயர் ஹாலில் போடச் சொன்னார்கள். சாமி படங்கள், குத்துவிளக்கு, குளிர்ந்த தரை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே. நியாயம், கழற்றினோம். கூடாரம் உப்பிக்கொண்டிருந்தபோது ஸ்டாண்டை உருட்டிக்கொண்டு போனேன். ஒரு சக்கரம் கிறீச் கிறீச். பள்ளிச் செயலாளர் அந்தச் சத்தத்துக்குத்தான் திரும்பினார்.

"அது இன்னாது?"

"புளூட்டோ சார். பக்கத்துல அதோட நிலா."

"எதுல செஞ்சது?"

நான் வாய் திறப்பதற்குள் பா.சா., "ரெக்ஸின் சார், ரெக்ஸின்" என்றார். ஏன் பொய் சொல்கிறார் என்று எனக்கு அப்போதுகூடப் புரியவில்லை. அதுதான் கொடுமை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இதைச் சுமக்கிறேன், ஒருமுறைகூடத் தோன்றவில்லை. எங்கள் தெருவில் தோல் என்பது துணி மாதிரி, மரம் மாதிரி ஒரு பொருள். அதில் புளூட்டோ செய்தால் யாராவது முகம் சுளிப்பார்கள் என்று ஆம்பூரில் பிறந்தவளுக்கு எப்படித் தோன்றும்?

செயலாளர் புளூட்டோவைக் கையில் வாங்கினார். கட்டைவிரலால் அழுத்தினார். மடிப்பை நிமிர்த்திப் பார்த்தார். மூக்குக்குக் கொண்டுபோனார்.

"என்கிட்டயே ரெக்ஸின்ங்கறீங்களா பாஸ்கர்? ஆட்டுத்தோல். லைனிங்குக்குப் போடறது."

அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். தோல் பதனிடும் கம்பெனிகளுக்குச் சாயமும் கெமிக்கலும் சப்ளை செய்கிற ஏஜென்சி அவருடையது. இந்தப் பள்ளியின் புதுக் கட்டடம் மொத்தமும் அதில் வந்தது. வேனில் வரும்போது பா.சா.தான் பெருமையாகச் சொன்னார்.

"பிரேயர் ஹால்ல தோல் வரக்கூடாது. செருப்பையே வெளிய வுட்டுட்டுத்தான வந்தீங்க?"

"உங்க பெல்ட் சார்?" என்றேன். கேட்டிருக்க வேண்டாம். கேட்டேன்.

குனிந்து பார்த்துக்கொண்டார். "அது இம்போர்டட்."

இரண்டு ஆசிரியைகள் சுவரைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை விழுங்கினார்கள். அவர் அதைக் கவனித்துவிட்டார். குரல் மாறியது. மெதுவாக, ரொம்ப மரியாதையாக:

"உனக்கு எந்த ஊரும்மா?"

"ஆம்பூர்."

"ஆம்பூர்ல எங்க?"

தெருப் பெயரைச் சொன்னேன்.

"ஓ" என்றார்.

அவ்வளவுதான். அந்த ஓவுக்குப் பிறகு பெல்ட்டும் இல்லை, தோலும் இல்லை, புளூட்டோவும் இல்லை. எல்லாம் அவருக்கு விளங்கிவிட்டது. எனக்கும்.

புளூட்டோவை வேனில் வைத்தேன். படம் மட்டும் ஓடியது. கணீர்க் குரல்: ஒன்பதாவது கோள். நான் வெளியே ப்ளோயர் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஹால் வாசலில் பிள்ளைகளின் கறுப்பு ஷூக்கள் வரிசை வரிசையாக. எல்லாம் தோல். சிலது எங்கள் ஊர் சரக்கு.

திரும்பும்போது பா.சா. அரக்கோணம் தாண்டியதும் ஆரம்பித்தார், ஆம்பூர்வரை நிறுத்தவில்லை.

"பெல்ட்ட கேக்கறா பெல்ட்ட! அந்தாளு இன்னும் ரெண்டு ஸ்கூலுக்கு சொல்றேன்னாரு, தெரிமா? வாயி... வாயி."

"நீங்க ஏன் சார் ரெக்ஸின்னு சொன்னீங்க?"

"பொழைக்கத் தெரிஞ்சவன் அப்டித்தான் சொல்வான்."

"மாட்டிக்கினீங்களே."

"மூடிக்கினு வா."

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். கம்பெனிச் சேலையைக்கூட மாற்றவில்லை.

"பசங்க இன்னா சொன்னாங்க?"

"டைம் பத்தலம்மா. சனிக்கிழமை வாணியம்பாடியில காட்டப் போறோம்."

"அதான பாத்தேன். தையல் வுட்டுப் போச்சோன்னு நெனச்சேன்."

சாப்பிடவில்லை. தலைவலி என்றேன்.

ஜூலை 24, வியாழன்

மேகம். மழை வருகிற மாதிரி பாவனை மட்டும்.

பா.சா. போன்: "தெர்மோகோல் பந்து ரெண்டு வாங்கு. பெயிண்ட் அடி. வாணியம்பாடியில அத மாட்டு. இதான் லாஸ்ட் சான்ஸ்."

"தெர்மோகோலுக்கு வெயிட் இல்ல சார். பேலன்ஸ் புள்ளி மாறிடும்."

"சுத்துதா இல்லியா?"

"சுத்தும்..."

"சுத்துனா போதும்."

வாங்கினேன். அடித்தேன். மாட்டினேன். எதிர்பார்த்ததேதான். பந்துக்குக் கனம் இல்லாததால் குச்சியின் நடுவில் கட்டினால்தான் நேராக நிற்கிறது. இப்போது புளூட்டோவும் சாரனும் சமமான இரண்டு பேர் மாதிரி நடுப்புள்ளியைச் சுற்றுகின்றன. பொய். எட்டில் ஒரு பங்கு கனமுள்ளது, தன்னைவிடக் கனமானதைக் கொஞ்சம் அசைத்துவிடுகிறது, அதனால்தான் அந்தப் புள்ளி புளூட்டோவை விட்டே வெளியே வந்துவிடுகிறது. எனக்குப் பிடித்ததே அதுதான். சின்னது பெரியதை அசைக்கிறது. அதைத் தெர்மோகோல் காட்டாது.

பா.சா. மாதிரி நானும் பொழைக்கத் தெரிந்துகொண்டு வருகிறேன் போல. இந்த வரியை அடித்துவிட வேண்டும்.  

பாத்திரம் கழுவும்போது அம்மா அலமாரியில் தெர்மோகோலைப் பார்த்துவிட்டாள். எடுத்தாள், கையில் தூக்கிப் பார்த்தாள், வைத்தாள்.

"இதான் டைம் பத்தலயா?"

சொன்னேன். எல்லாவற்றையும். பெல்ட்டையும். ஓவையும்.

பெல்ட்டுக்குச் சிரித்தாள். ஓவுக்கு அடுப்பைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே.

ஜூலை 25, வெள்ளி

வாணியம்பாடியில் இருப்பது முஸ்லிம் பள்ளி, வெள்ளி விடுமுறை, சனி வகுப்பு உண்டு. எனவே இன்று சும்மா. துணி துவைத்தேன். காற்று மறுபடியும்.

சூப்பர்வைசர் மூன்றாவது முறை சொல்லி அனுப்பியிருக்கிறார். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டுமாம்.

புளூட்டோவின் குட்டி நிலவுகளைப் பற்றிப் படித்தேன். சாரன்தான் பூட்டிக்கொண்டு ஒரே முகம் காட்டுகிறது. நிக்ஸ், ஹைட்ரா எல்லாம் யாருக்கும் முகம் காட்டுவதில்லை, இஷ்டத்துக்கு வேகமாகச் சுழல்கின்றன. எரிஸ் என்ற குறுங்கோளும் அதன் நிலவும்கூடப் பூட்டிக்கொண்டவை. வெகு தூரம், வெகு குளிர், அங்கேயும் ஒன்றை ஒன்று விடவில்லை.

தோல் புளூட்டோவைப் பழைய துப்பட்டாவில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

ஜூலை 26, சனி

பளீர் வெயில். பஸ் நிலையத்தில் உருதும் தமிழும் கலந்து ஒரே இரைச்சல்.

பள்ளியின் கீற்றுக் கொட்டகையில் கூடாரம். தலைமை ஆசிரியர், "இன்னா வேணா காட்டுங்க, பசங்க துணியக் கிழிக்காம பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

முதல் குழு. படம் முடிந்து தெர்மோகோலைத் தொங்கவிட்டேன். ப்ளோயர் காற்று ஒரு தட்டு. விர்ரென்று விசிறி மாதிரி. முன்வரிசையில் ஒருவன் கைதட்டினான்.

"மேடம், ராட்டினம்!"

"தர்கா சந்தையில இத விட ஸ்பீடா சுத்தும் மேடம்."

நிறுத்தினால் மறுபடி சுற்றுகிறது. பிடித்துக்கொண்டே பேசினேன். எந்தப் புள்ளி, எந்த முகம், ஒன்றும் ஏறவில்லை. வெளியே வந்தால் பா.சா.வுக்கு வாயெல்லாம் பல். "கிளாப்ஸ் வுழுந்துச்சே! செட் ஆயிடுச்சு."

செட் ஆகிவிட்டது. என் ஐட்டம். ஜெயித்தேன். ராட்டினத்தை வைத்து.

இரண்டாவது குழு தவழ்ந்து உள்ளே போனது. படம் ஓடும்போதே தெர்மோகோலை அவிழ்த்தேன். பையைத் திறந்தேன். இருட்டில் கை தடவி முடிச்சுப் போட்டேன். கொஞ்சம் தட்டிவிட்டேன். படம் முடிந்ததும் டார்ச்.

நின்று, நிதானமாக, கனமாகச் சுற்றியது. ப்ளோயர் காற்றுக்கு அசையவில்லை. இதயம் முதுகில், சாரன் எதிரில், கயிறு வெற்றுப் புள்ளியில். யாரும் கைதட்டவில்லை. 

பிறகு இருட்டிலிருந்து ஒரு பையன்: "ஏ, எங்கப்பா சட்டை வாசன வருதுல்ல?"

"எங்கப்பா பைக்கும் இதே வாசனதான்."

"மேடம், இது கம்பெனித் தோலா?"

"ஆமா. எங்கம்மா தெச்சது."

"உங்கம்மா எந்தக் கம்பெனி?"

சொன்னேன். "எங்க மாமியும் அங்கதான்!" என்று ஒரு பெண். வானத்தைவிட அது பெரிய செய்தியாகிவிட்டது. அடக்கவே முடியவில்லை. அப்புறம் அதே பெண் புளூட்டோவின் இதயத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இங்க ஒருத்தன் இருந்தா அவனுக்கு நிலாவே தெரியாதா?"

"தெரியாது."

"எப்பவுமே?"

"எப்பவுமே. ரெண்டும் பூட்டிக்கிச்சு."

"அவன் கெளம்பி இந்தப் பக்கம் நடந்து வரட்டும் மேடம். கால் இருக்குதுல்ல?"

வெளியே வந்தேன். பா.சா. துணிக்குழாய் அருகில் நின்றிருந்தார். குனிந்து உள்ளே தலையை விட்டு மூச்சை இழுத்தார். அந்த மூக்குக்கும் தெரியும். அவர் அப்பாவும் ராணிப்பேட்டைத் தொழிற்சாலையில் இருந்தவர்தான், எப்போதோ ஒருமுறை வாய் தவறிச் சொன்னார்.

மூன்றாவது குழுவுக்கு நான் எதை மாட்டினேன் என்று பார்க்க வரவில்லை.

வேனில் சாமான் ஏற்றும்போது மட்டும்: "அத பின்னாடி போடாத. ப்ளோயர் மேல வுழுந்தா நசுங்கிடும். மடியில வெச்சிக்க."

ஜூலை 27, ஞாயிறு

புழுக்கம். கரண்ட் போய்ப் போய் வருகிறது.

காலை பா.சா. போன். எதிர்பார்க்கவில்லை. படத்தில் அந்த ஒன்பதாவது கோள் வரியை வெட்டிவிடுகிறாராம். பத்து நிமிடம் எனக்கே. எல்லாப் பள்ளியிலும். ஒரு நொடி பறந்தேன்.

"ஆனா ஒண்ணு. அந்த அரக்கோணம் ஸ்கூலுக்கு வர்ற வாரம் திரும்பப் போறோம். பசங்களுக்கு இது வேணும்னு டீச்சருங்க கேட்டாங்களாம். ரெக்ஸின்ல ஒரு செட் பண்ணிடு. மண்ணு ரொப்பிக்க, உன் வெயிட்டு உனக்கு. தோலு வேணாம். ப்ளீஸ், பெல்ட் பேச்சும் வேணாம்."

முடியாது என்றேன். அந்த ஆளுக்காக வேஷம் கட்ட முடியாது. நீங்களே போய்த் தெர்மோகோல் ஆட்டுங்கள். வைத்துவிட்டேன்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வெங்காயம் உரித்தாள்.

"அந்தப் பசங்க இன்னாடி பண்ணாங்க?"

"எந்தப் பசங்க?"

"அந்த ஸ்கூல் பசங்க. தப்பா பாத்துட்டுப் போவட்டும்ங்கறியா?"

"அவரு உன் வேலைய உள்ள வுட மாட்டேன்றாரும்மா."

"வேலைய இல்ல. தோல. தையலு என்னுதுதான? ரெக்ஸின் வாங்கியா."

"உள்ள மண்ணோட கொஞ்சம் தோல் தூள் போட்டுடலாம்" என்றேன். அதையாவது.

"சீ. சாமி வெச்ச எடம். மண்ணு போதும்."

வாங்கி வந்தேன். அம்மா வெட்டினாள். ஓரம் பிசிறு பிசிறாக உதிர்ந்தது. "இது ஒரு பொருளா" என்று முணுமுணுத்துக்கொண்டே தைத்தாள். இதயத்தை இந்த முறை கேட்காமலே முதுகில் வைத்தாள். மதியம் மூன்று முறை நூல் அறுந்தது. கண் எரிகிறது என்றாள். அவளைப் பார்க்கவே எனக்குக் கோபமாக வந்தது, அவள்மேல் இல்லை.

கடைசியில் மண். பாலாற்றிலிருந்து எடுத்து வைத்த டின்னைத் திறந்தேன். குப்பென்று அதே நெடி. தோல் கம்பெனிக் கழிவு எத்தனை வருடமாக அந்த ஆற்றில் இறங்குகிறதோ, எவ்வளவு காயவைத்தாலும் அது போவதில்லை. அந்த ஆள் விற்ற சாயமும் இதில் எங்கேயோ இருக்கும்.

அம்மா கை கையாக அள்ளி அடைத்தாள். வாயைத் தைத்து மூடினாள். தூக்கிப் பார்த்தேன். கனம் சரி. மூக்கருகே கொண்டுபோனேன். ரெக்ஸினைத் தாண்டி வருகிறது.

பா.சா.வுக்குப் போன் செய்தேன். வருகிறேன் என்றேன்.

முகர்ந்து பார்க்கட்டும்.